மாவுப்பூச்சியின் மூலப்பத்திரம்: பூச்சி, சிலந்தி வகைப்பாடு குறித்த ஒரு மதிப்பாய்வு

2020ஆம் ஆண்டு கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் மரவள்ளிச் செடிகளின் குருத்து சுருண்டு, குட்டையாகி, கொத்துக் கொத்தாக நின்றது. இலையைத் திருப்பினால் வெண்மாவு பூசிய சிறு பூச்சிகள். விரைவிலேயே சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளிக் காடுகளிலும் அதே அறிகுறி தெரிந்தது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் நம்பியிருப்பது இந்தக் காடுகளைத்தான். தமிழ்நாட்டு உழவர்களுக்கு மாவுப்பூச்சி புதிதல்ல. 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று பரவிப் பெரும்பாடு படுத்தியிருந்தது. ஆகவே மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, வந்திருப்பது எந்த மாவுப்பூச்சி என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

வெறுங்கண்ணால் பார்த்து அதைச் சொல்ல முடியாது. வளர்ந்த பெண் பூச்சியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டுச் சூடாக்கி, உள்ளே இருப்பதெல்லாம் கரைந்து தோல் மட்டும் மிஞ்சும்படி செய்வார்கள். பிறகு சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் பதித்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, மெழுகு சுரக்கும் துளைகளையும் குழாய்களையும் முடிகளையும் எண்ணுவார்கள். எந்தத் துளை, உடம்பின் எந்த வளையத்தில், எத்தனை என்பதில்தான் ஒரு சிற்றினம் அடுத்த சிற்றினத்திலிருந்து பிரிகிறது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்தின் ஆய்வாளர்கள் அப்படிப் பார்த்துச் சொன்ன பெயர், பினகாக்கஸ் மணிஹாட்டி.

பெயர் தெரிந்ததும் தீர்வும் தெரிந்துவிட்டது. அனாகைரஸ் லோபெசி என்ற, ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள குளவி இந்த மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு அதை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். 2021இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவி வரவழைக்கப்பட்டது. 2022 மார்ச் மாதம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விடப்பட்டது.

பெனினில் அது ஏன் கையிருப்பில் இருந்தது என்பதை அறிய அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும். தென் அமெரிக்கப் பயிரான மரவள்ளி ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானோரின் அன்றாட உணவு. 1970களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் மாவுப்பூச்சி தோன்றி, மளமளவென்று பல நாடுகளின் மரவள்ளியை அழித்தது. 1977இல் பிரெஞ்சு ஆய்வாளர் டானியேல் மத்தீல்-ஃபெரேரோ காங்கோவில் சேகரித்த மாதிரிகளைக் கொண்டு அதை விவரித்துப் பெயரிட்டார். பயிரின் தாயகத்தில் பூச்சியின் எதிரிகளும் இருக்கும் என்ற நியாயத்தில் தென் அமெரிக்காவின் வடபகுதியில் தேடினார்கள். மரவள்ளியில் மாவுப்பூச்சி கிடைத்தது, அதைத் தின்னும் ஒட்டுண்ணிகளும் கிடைத்தன. ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்தால் அவை இந்த மாவுப்பூச்சியைத் தீண்டவில்லை. பிறகுதான் தெரிந்தது, வடக்கே கிடைத்தது வேறொரு சிற்றினம் என்று. 1981இல் அதற்கு பினகாக்கஸ் ஹெர்ரெனி என்று தனிப்பெயர் இடப்பட்டது. காங்கோவின் பூச்சி இளஞ்சிவப்பு, ஆண் இல்லாமலே பெருகும். மற்றது மஞ்சள், அதில் ஆணும் உண்டு. அதே ஆண்டு பராகுவே நாட்டில் உண்மையான மணிஹாட்டி கண்டுபிடிக்கப்பட்டது. அதன் மேல் வாழ்ந்த குளவிதான் லோபெசி. 1981 இறுதியில் நைஜீரியாவில் விடப்பட்ட அது, பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் நிலைபெற்றது. அந்தப் பணியை முன்னின்று நடத்திய சுவிட்சர்லாந்துக்காரர் ஹான்ஸ் ஹெர்ரெனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

பரிசு உரியவருக்கே போனது. ஆனால் இரண்டு மாவுப்பூச்சிகளையும் அருகருகே வைத்துத் துளைகளை எண்ணியவர்கள் இல்லாமல் அந்த வெற்றி இல்லை. வகைப்பாட்டியல் என்பது பெயர்ப் பட்டியல் போடும் வேலை என்று நினைப்பவர்கள் நம்மிடையே இன்னும் நிறைய. ஒரு சிற்றினப் பெயர் உண்மையில் ஒரு கூற்று. 'இது மற்றதிலிருந்து வேறு, இவை தங்களுக்குள் ஒன்று' என்று அது சொல்கிறது. கூற்று என்றால் சோதிக்க முடிய வேண்டும். சோதிக்க, எந்த உடலைப் பார்த்து அந்தக் கூற்று எழுதப்பட்டதோ அந்த உடல் எங்கேனும் பத்திரமாக இருக்க வேண்டும். நிலத் தகராறில் மூலப்பத்திரத்தை எடுத்துப் பார்ப்பதைப் போல, பெயர்த் தகராறில் போய்ப் பார்ப்பதற்கென்று வைக்கப்படும் அந்த ஒற்றை உடலை மூலமாதிரி என்கிறோம். பூச்சிகளையும் சிலந்திகளையும் பற்றி நாம் அறிந்தவை யாவும் கடைசியில் அதன் மேல்தான் நிற்கின்றன.

எத்தனை இருக்கின்றன?

பெயரிடப்பட்ட பூச்சிகள் ஏறத்தாழ பத்து இலட்சம். அவற்றில் நான்கு இலட்சத்தை நெருங்குபவை வண்டுகள் மட்டுமே. சிலந்திகளில் 50,000ஆவது சிற்றினம் உலகச் சிலந்திப் பட்டியலில் ஏறியது 2022 ஏப்ரலில். தென் அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் வாழும் தாவும் சிலந்தி ஒன்று அது. இந்தியாவில் பதிவான பூச்சிகள் அறுபதாயிரத்துக்கும் மேல். சிலந்திகள் இரண்டாயிரத்தை நெருங்குகின்றன.

பெயரிடப்படாதவை எத்தனை என்பதில் கருத்து வேறுபாடு பெரிது. அமெரிக்க வண்டு ஆய்வாளர் டெர்ரி எர்வின், பனாமாக் காட்டில் ஒரே வகையைச் சேர்ந்த 19 மரங்களின் உச்சியில் பூச்சிமருந்துப் புகையைச் செலுத்தி, கீழே விழுந்தவற்றைச் சேகரித்தார். வண்டுகள் மட்டுமே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள். அவற்றில் எத்தனை அந்த ஒரு மரத்தையே சார்ந்தவை என்று கணித்து, வெப்பமண்டல மர வகைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, வெப்பமண்டலக் கணுக்காலிகள் மூன்று கோடிச் சிற்றினங்கள் இருக்கலாம் என்று 1982இல் எழுதினார். கட்டுரை இரண்டே பக்கம். அது எழுப்பிய விவாதம் இன்றும் ஓயவில்லை. ஒரு மரத்தையே சார்ந்த வண்டுகள் அவர் நினைத்த அளவு இல்லை என்று பின்வந்தவர்கள் காட்டினார்கள். இப்போது பெரும்பாலோர் ஏற்கும் மதிப்பீடு பூச்சிகளுக்கு 55 இலட்சம் சுற்றுவட்டாரம். அதை ஏற்றாலும் ஐந்தில் நான்கு பங்குக்கு இன்னும் பெயரில்லை.

எண்ணிக்கையைவிட, அந்த நான்கு பங்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. வண்ணத்துப்பூச்சிகளில் இல்லை, தும்பிகளில் இல்லை. கண்ணுக்கு எடுப்பானவற்றை இருநூறு ஆண்டுகளாகப் பிடித்துப் பெயரிட்டாயிற்று. மிஞ்சியிருப்பவை சின்னஞ்சிறு ஈக்கள், குளவிகள், வண்டுகள். ஏறத்தாழ ஒவ்வொரு பூச்சிக்கும் அதைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவி ஒன்றேனும் உண்டென்றால் வண்டுகளைவிடக் குளவி வரிசையே பெரியதாகிவிடும் என்று 2018இல் ஓர் ஆய்வுக்குழு வாதிட்டது. கனடாவில் பிடித்த பூச்சிகளின் டி.என்.ஏ.வை வரிசைப்படுத்தியவர்கள், அந்தக் குளிர்நாட்டில் மட்டுமே கழலை ஈக்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கக்கூடும் என்று 2016இல் அறிவித்தார்கள். உலகம் முழுவதிலும் அந்தக் குடும்பத்தில் அதுவரை பெயரிடப்பட்டவையே ஆறாயிரத்துச் சொச்சம்தான்.

கழலை ஈ என்றால் நம் ஊரில் யாருக்கும் தெரியாது என்று எண்ண வேண்டாம். நெல்லின் நடுக்குருத்தை வெங்காய இலையைப் போன்ற வெள்ளைக் குழலாக்கிக் கதிர் வராமல் செய்கிற ஆனைக்கொம்பன் ஈ அந்தக் குடும்பம்தான். 1889இல் பெயர் பெற்ற அந்த ஒரே சிற்றினத்துக்குள்ளும், எந்த நெல் ரகத்தைத் தாக்கும் என்பதில் மாறுபடும் உயிரியல் வகைகள் இந்தியாவில் பல இருக்கின்றன. உருவத்தில் அவற்றைப் பிரிக்க முடியாது. ஆய்வு நிலையம் ஒரு மாவட்டத்தில் 'எதிர்ப்பு ரகம்' என்று கொடுத்தது இன்னொரு மாவட்டத்தில் ஏமாற்றியதற்கு இதுவும் ஒரு காரணம். தஞ்சாவூரில் பிறந்த எம்.எஸ்.மணி தாவரக் கழலைகளையும் அவற்றை உண்டாக்கும் பூச்சிகளையும் தேடி இந்தியா முழுவதும் அலைந்தவர். 1964இல் வெளிவந்த அவருடைய கழலை நூல் இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அவர் தொட்ட துறையில் வேலை இன்னும் மலையளவு கிடக்கிறது.

தரங்கம்பாடியிலிருந்து போனவை

உயிர்களை வகுக்கும் ஆசை பழையது. தொல்காப்பியத்தின் மரபியல் புலன்களின் எண்ணிக்கையால் உயிர்களை வரிசைப்படுத்துகிறது. கறையானும் எறும்பும் மூன்றறிவில், நண்டும் தும்பியும் நான்கறிவில் வருகின்றன. இக்கால மரபணு ஆய்வு, பூச்சிகள் நண்டினத்தின் கிளைகளுக்குள்ளேயே தோன்றியவை என்று காட்டுவதால், முன்னோர் அப்போதே சொல்லிவிட்டார்கள் என்று சிலர் பூரிப்பதுண்டு. அந்தப் பூரிப்பு நூலுக்கும் நியாயம் செய்யாது, ஆய்வுக்கும் நியாயம் செய்யாது. மரபியலின் அடிப்படை புலனறிவு. இன்றைய வகைப்பாட்டின் அடிப்படை வம்சாவளி. எந்த அடிப்படையில் வகுக்கிறோம் என்பதை வெளிப்படையாகச் சொன்னதுதான் அந்த நூற்பாக்களின் சிறப்பு.

இன்றைய விலங்குப் பெயரீட்டின் தொடக்கப் புள்ளி, சுவீடனின் கார்ல் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட நூலின் பத்தாம் பதிப்பு. சிலந்திகளுக்கு மட்டும் ஒரு விலக்கு: அதே நாட்டின் கார்ல் கிளார்க் 1757இல் சுவீடன் சிலந்திகளைப் பற்றி எழுதிய நூலின் பெயர்கள் லின்னேயஸின் பெயர்களுக்கும் முந்தியவையாக ஏற்கப்படுகின்றன. லின்னேயஸ் பூச்சிகளைச் சிறகை வைத்து ஏழு வரிசையாகப் பிரித்தார். சிறகில்லாதவை என்ற கடைசி வரிசையில் சிலந்தி, தேள், நண்டு, பூரான் எல்லாம் அடைபட்டன. சிலந்தியினம் தனி வகுப்பானது லமார்க்கின் காலத்தில், 1800ஐ ஒட்டி.

லின்னேயஸின் மாணவர் யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார், டேனிஷ்காரர்களின் மருத்துவராக. பிறகு ஆற்காட்டு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் பணிபுரிந்து, 1785இல் காக்கிநாடா அருகே இறந்தார். தாவரவியலார் என்றே பெரும்பாலும் நினைக்கப்படுகிறார். ஆனால் தஞ்சைப் பகுதிக் கறையான் புற்றுகளை வெட்டிப் பார்த்து அவர் 1779இல் வெளியிட்ட கட்டுரை, கறையான் ஆய்வின் முதல் தரமான எழுத்துகளில் ஒன்று. அவர் சேகரித்து அனுப்பிய பூச்சிகள் லின்னேயஸின் மற்றொரு மாணவரான யோகான் கிறிஸ்டியன் ஃபாப்ரிசியஸிடம் சேர்ந்தன. சிறகை விட்டு வாயுறுப்புகளை அடிப்படையாகக் கொண்டு பூச்சிகளை வகுத்தவர் ஃபாப்ரிசியஸ். அவர் பெயரிட்ட பூச்சிகள் பத்தாயிரத்தை நெருங்கும். மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு (1775), கொம்புத்தேனீ (1787), மலைத்தேனீ, அடுக்குத்தேனீ (இரண்டும் 1793) எல்லாம் அவர் வைத்த பெயர்களையே இன்றும் தாங்கி நிற்கின்றன. 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனும் 1787இல் அவரிடம் பெயர் பெற்றதே.

இந்த வரலாற்றின் விளைவை இன்றைய மாணவர் அனுபவிக்கிறார். நம் வயலில் பிடித்த பூச்சியின் மூலமாதிரி கோபன்ஹேகனிலோ லண்டனிலோ இருக்கிறது. பழைய விவரணை லத்தீனில் இரண்டு வரி. ஐயம் வந்தால் அங்கே போக வேண்டும், அல்லது யாராவது நல்ல படம் எடுத்து அனுப்ப வேண்டும். 2002இன் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் புதிய சிற்றினத்தைக் கண்டுபிடிப்பவர் அதன் மாதிரியை அரசு அறிவித்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று விதித்தது இந்தப் பின்னணியில்தான். அது சரியான விதி.

கறையானின் இடமாற்றம்

சிறகோ வாயோ எதை வைத்து வகுத்தாலும், வகுப்பவரின் வசதி அதில் கலந்துவிடுகிறது. இதற்கு ஒரு நெறியைத் தந்தவர் ஈக்களின் புழுப்பருவத்தை ஆராய்ந்த ஜெர்மானியர் வில்லி ஹென்னிக். 1945இல் போர்க்கைதியாக முகாமில் இருந்தபோது எழுதத் தொடங்கிய நூலை 1950இல் வெளியிட்டார். ஒரே மூதாதையிடமிருந்து வந்த அனைத்தையும் உள்ளடக்கினால்தான் அது ஒரு குழு; புதிதாகத் தோன்றிய பண்புகளைப் பகிர்வதுதான் உறவுக்குச் சான்று; பழைய பண்பு இருவரிடமும் மிஞ்சியிருப்பது சான்றாகாது. இன்று எல்லா உயிர்களின் வகைப்பாடும் நடப்பது இந்த நெறியில்.

கோனிக்கின் கறையானுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இதன் வலு விளங்கும். நீண்டகாலம் கறையான்கள் தனி வரிசை. ஆனால் மட்கிய மரத்துக்குள் வாழும் ஒருவகைக் கரப்பானின் குடலில் இருக்கும் ஓரணு உயிர்கள், தொன்மையான கறையான்களின் குடலில் இருப்பவற்றுக்கு நெருக்கமானவை என்று 1930களிலேயே தெரிந்திருந்தது. 2007இல் விரிவான டி.என்.ஏ. ஒப்பீடு, கறையான்கள் கரப்பான் மரத்தின் உள்கிளை என்பதை உறுதிசெய்தது. கறையானைத் தனி வரிசையாக வைத்தால் கரப்பான் வரிசை முழுமையற்ற குழுவாகிவிடும். ஆகவே இரண்டு நூற்றாண்டு வழக்கம் கைவிடப்பட்டு, கறையான் கரப்பான் வரிசைக்குள் போனது. மழைக்கால மாலையில் விளக்கைச் சுற்றும் ஈசல், சமூகமாக வாழப் பழகிய கரப்பான்.

2014இல் 1,478 மரபணுக்களை ஒப்பிட்ட பன்னாட்டுக் குழு, பூச்சிகளின் தோற்றத்தை ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் பறக்கும் திறனை 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் வைத்தது. காலக்கணக்கு திருத்தப்படலாம். நண்டினத்தோடு உள்ள உறவு இனி அசையும் என்று தோன்றவில்லை.

எட்டுக்கால் உலகம்

சிலந்திக்கும் பூச்சிக்கும் வேறுபாடு கால் எண்ணிக்கையோடு முடிவதில்லை. சிலந்திக்கு உணர்கொம்பு இல்லை, மெல்லும் தாடை இல்லை, சிறகு எக்காலத்திலும் இருந்ததில்லை. தேளும் உண்ணியும் குதிரைலாட நண்டும்தான் அதன் உறவுகள். அந்த உறவுக்குள் யார் யாருக்கு நெருக்கம் என்பதில், குறிப்பாகக் குதிரைலாட நண்டின் இடத்தில், மரபணு ஆய்வாளர்களிடையே இன்னும் உடன்பாடு இல்லை.

சிலந்தியைச் சிற்றினம் வரை அடையாளம் காண இனப்பெருக்க உறுப்புகளைப் பார்த்தாக வேண்டும். ஆணுக்கு வாயருகே கால் போன்ற இரண்டு உறுப்புகள். அவற்றின் நுனியில் விந்தைத் தாங்கும் குமிழ். அதன் முட்களும் திருப்பங்களும் சிற்றினத்துக்குச் சிற்றினம் வேறு. பெண்ணுக்கு வயிற்றின் அடியில் ஒரு தகடு. இவை உருவாவது கடைசித் தோலுரிப்பில். இளம் சிலந்தியைப் பிடித்தால் குடும்பம் சொல்லலாம், பேரினமும் சொல்லலாம்; அதற்கு மேல் பெரும்பாலும் முடியாது. ஆணும் பெண்ணும் உருவத்தில் வெகுவாக மாறுபடுவதால் ஒரே சிற்றினத்துக்கு இரண்டு பெயர் வைக்கப்பட்ட கதைகள் சிலந்தியியலில் ஏராளம்.

முசுறுக் கூட்டத்தில் கலந்து திரியும் தாவும் சிலந்தி ஒன்று உண்டு. அதே செம்பழுப்பு, அதே மெலிந்த இடை. முன்கால்களை உயர்த்தி உணர்கொம்பைப் போல ஆட்டும். ஆணின் முன்தாடைகள் நீண்டு துருத்திக்கொண்டிருக்கும். தூரத்தில் ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிச் செல்வதாகவே தெரியும். கடிக்கும் முசுறைப் பறவையும் குளவியும் ஒதுக்குவதால் அந்த வேடம் உயிரைக் காக்கிறது. 1869இல் இலங்கை மாதிரிகளைக் கொண்டு பெயரிடப்பட்ட இது பேரினம் மாறி மாறி, 2016இல் மிர்மாபிளாட்டா என்ற புதுப் பேரினத்துக்கு வந்திருக்கிறது. அதே முசுறை வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த நண்டுச் சிலந்தியும் போலி செய்கிறது, அது வேட்டைக்காக. உருவ ஒற்றுமை உறவுக்குச் சான்றல்ல என்பதை ஒரே மாமரத்தில் காணலாம்.

வலையும் அப்படித்தான். சக்கர வலை பின்னுபவை எல்லாம் ஒரே கிளை என்று பல்லாண்டு நம்பப்பட்டது. 2014இல் வந்த மரபணு ஆய்வுகள் அதை உடைத்தன. சக்கர வலை நினைத்ததைவிட மிகப் பழையதாக இருந்து பல கிளைகளில் கைவிடப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட முறை தோன்றியிருக்க வேண்டும். எது உண்மை என்பது இன்னும் தீரவில்லை.

இந்தியச் சிலந்திகளுக்கு அடித்தளம் போட்டது 1900இல் வந்த போகாக்கின் நூல். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லியும், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த டிகேதரும் அதன் மேல் கட்டினார்கள். போகாக் 1899இல் விவரித்த நீலநிற மரச்சிலந்தி ஒன்றின் கதை, மாதிரியோடு கட்டும் சீட்டு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லும். ஆந்திரத்தின் கூட்டி ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரே மாதிரி அது. சீட்டில் 'கூட்டி' என்றிருந்ததால் அங்கேதான் வாழ்கிறது என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. நூறாண்டு யாருக்கும் கிடைக்கவில்லை. 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் அது மறுபடி அகப்பட்டது, கூட்டியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி. வெட்டிய மரத்தோடு ரயிலேறி வந்த சிலந்தியாகவே முதல் மாதிரி இருக்க வேண்டும். இன்று அது அழிவின் விளிம்பில் உள்ள சிற்றினம். செல்லப்பிராணிச் சந்தையில் விலைபோகிறது.

ஒரே உருவம், பல சிற்றினங்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் ஒரு புதிர். மலேரியா பரப்பும் கொசு எல்லா இடத்திலும் இருந்தது, மலேரியா சில இடங்களில் மட்டுமே. 1926இல் இத்தாலியின் ஃபாலெரோனி கொசுவின் முட்டைகளைப் பார்த்தார். அவற்றின் மேல் உள்ள கோலங்கள் வெவ்வேறாக இருந்தன. ஒன்றென்று நினைத்த கொசு பல சிற்றினங்களின் கூட்டம் என்பதும், அவற்றில் சில மனிதரைக் கடிப்பவை, சில மாட்டை நாடுபவை என்பதும் அதைத் தொடர்ந்து தெளிந்தன.

இந்தியக் கிராமங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் கியூலிசிபேசீஸ் கொசுவும் அப்படியொரு கூட்டம். ஏ, பி, சி, டி என்று நான்கு பிரிக்கப்பட்டன. பி பெரும்பாலும் மாட்டையே கடிக்கும். நோய் பரப்புவதில் வலுவற்றது. ஆனால் இலங்கையில் இருப்பது பி மட்டும்தான் என்று கருதப்பட்ட காலத்திலும் அங்கே மலேரியா கடுமையாக இருந்தது. விடை இராமேசுவரத்தில் கிடைத்தது. அந்தத் தீவில் பி என்று எண்ணப்பட்ட கொசுக்களில் சிலவற்றின் ஒய் நிறப்புரி வேறு வடிவில் இருந்தது. நோயைச் சுமந்தவை அவையே. 1999இல் அது 'ஈ' என்ற ஐந்தாவது சிற்றினமாக அறிவிக்கப்பட்டது. இலங்கையிலும் அது இருப்பது பின்னர் உறுதியானது. மருந்து யாருக்காக, எங்கே, எந்த நேரத்தில் அடிப்பது என்ற கேள்விகள் எல்லாம் இந்த ஒரு எழுத்தைப் பொறுத்தவை.

2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. சில மாதங்களில் மன்னார்த் தீவில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி அகப்பட்டது. சென்னை போன்ற நகரங்களில் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் பெருகும் கொசு அது. பிடித்த புழுவைப் பார்த்து இது இத்தீவுக்குப் புதிது என்று சொல்லத் தெரிந்த கண் அங்கே இருந்ததால்தான் உடனே நடவடிக்கை எடுக்க முடிந்தது.

குறிவரியும் படமும்

2003இல் கனடாவின் பால் ஹெபர்ட், எல்லா விலங்குகளிலும் உள்ள ஒரு மரபணுவின் 650 எழுத்து நீளத் துண்டை அடையாளக் குறிவரியாகக் கொள்ளலாம் என்றார். பூச்சி, சிலந்தி ஆய்வில் இதன் பயன் மிகப் பெரிது. இளம் சிலந்தியைத் தாயோடு சேர்க்கலாம், ஆணைப் பெண்ணோடு சேர்க்கலாம், பறவையின் எச்சத்தில் கிடந்த காலுக்கும் பெயர் சொல்லலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தளத்தில் யாரோ ஒருவர் சரியாக அடையாளம் கண்ட மாதிரி இருந்தால்தான் பெயர் வரும். இல்லாவிட்டால் எண் மட்டுமே வரும். அருகருகே உள்ள சிற்றினங்கள் கலந்திருந்தாலும், உடலுக்குள் வாழும் சில பாக்டீரியாக்களின் தாக்கத்தாலும் குறிவரி வழிதவறும்.

2021இல் கோஸ்டாரிக்காவின் 403 குளவிச் சிற்றினங்களை ஒரே கட்டுரையில் விவரித்தார்கள், பெரும்பாலும் குறிவரியும் ஒரு நிழற்படமும் மட்டும் தந்து. இந்த வேகத்தில் போனால்தான் அழிவை முந்த முடியும் என்பது அவர்கள் வாதம். காடு அழியும் வேகத்தைப் பார்த்தால் அவர்களின் பதற்றம் புரிகிறது. ஆனாலும் நான் எதிர்ப்பவர்கள் பக்கம். வரிசைப்படுத்தும் வசதி இல்லாத ஓர் ஊர்க் கல்லூரி மாணவர், கையில் குளவியும் நுண்ணோக்கியும் இருந்தும் அந்த 403ஐப் பயன்படுத்த முடியாது. 2015இல் தென்னாப்பிரிக்க ஈ ஒன்றை, பிடித்த மாதிரி எதுவும் இல்லாமல் படங்களை மட்டும் வைத்துப் பெயரிட்டது இன்னும் சிக்கலானது. படத்தைத் திருப்பிப் பார்த்து அடிவயிற்றை ஆராய முடியாது.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் ஆயிரக்கணக்கானோர் படம் ஏற்றுவது வண்ணத்துப்பூச்சி, தும்பிகளின் பரவலை அறியப் பெருந்துணை. கழலை ஈக்கும் இரண்டு மில்லிமீட்டர்க் குளவிக்கும் அது பயன்படாது. இந்த எல்லையைச் சொல்வது படமெடுப்பவர்களைக் குறைத்துப் பேசுவதாகாது. அவர்களிலிருந்துதான் அடுத்த தலைமுறை வகைப்பாட்டியலார் வர வேண்டும்.

யார் பார்ப்பது?

ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரில் 1905இல் தொடங்கிய பூச்சியியல் சங்கம் பெரும்பாலும் ஆர்வலர்களால் ஆனது. 63 இடங்களில் கூடாரப் பொறி வைத்துப் பிடித்த பூச்சிகளின் எடையை ஒப்பிட்டு, 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்ததை 2017இல் உலகுக்குக் காட்டியது. எடை போட்ட பிறகும் அவர்கள் புட்டிகளைக் கொட்டிவிடவில்லை. எந்தச் சிற்றினம் குறைந்தது என்று இனிமேலும் அவற்றைத் திறந்து பார்க்கலாம்.

தமிழ்நாட்டுக்கு இந்த மரபு அந்நியமல்ல. சென்னை இலயோலா கல்லூரியில் டி.என்.அனந்தகிருஷ்ணன் இலைப்பேன்களுக்காகக் கட்டியெழுப்பிய ஆய்வு, இந்தியாவை அந்தத் துறையின் உலக மையங்களில் ஒன்றாக்கியது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகம் 2018இல் திறக்கப்பட்டது. இருந்தும் ஒரு குடும்பத்தைப் பத்து ஆண்டு உட்கார்ந்து திருத்தியமைக்கும் வேலைக்குப் பணியிடமும் மதிப்பெண்ணும் கிடைப்பது அரிது. மெதுவாக வரும் தனிநூலைவிட வேகமாக வரும் கட்டுரைகளையே தேர்வுக்குழுக்கள் எண்ணுகின்றன. ஒரு நிபுணர் ஓய்வுபெற்றால் அவர் கண்ணும் கூடவே போய்விடுகிறது. பெட்டிகளைத் தோல்வண்டின் புழுவும் பூஞ்சையும் தின்கின்றன. இது ஒரு நிறுவனத்தின் குறையல்ல, நாடு தழுவிய போக்கு. இதை மாற்றுவது ஒரு மாநிலத்துக்குப் பெரிய செலவும் அல்ல.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால் நான் பாக் நீரிணையைக் காட்டுவேன். இராமேசுவரத்தில் 'ஈ' கொசு அகப்பட்டதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 2004இல், அதே தீவிலிருந்து ஒரு பெரிய மரச்சிலந்தி விவரிக்கப்பட்டது. அங்குள்ள அனுமன் கோயிலின் பெயரால் அதற்கு ஹனுமவிலாசுமிகா என்று பெயர். புளிய மரத்திலும் பனையிலும் வாழும் அது இராமேசுவரம் வட்டாரத்துக்கு மட்டுமே உரியது என்று கருதப்பட்டது. 2015இல் மன்னாரிலும் இருப்பது பதிவானது. தீவுகளுக்கிடையே கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் நிலத்தொடர்பு இருந்தது என்பதால் இதில் வியப்பில்லை. வியப்பு, சிறு குளவிகளுக்கும் ஈக்களுக்கும் இத்தகைய ஒப்பீடு பெரும்பாலும் நடக்காததில்தான். இரு கரையிலும் உள்ள கல்லூரிகள் ஒரே மாதிரியான கூடாரப் பொறியை ஓராண்டு முழுவதும் வைத்து, பிடித்தவற்றைச் சாராயத்தில் இட்டு, இடம், நாள், உயரம், பிடித்தவர் பெயர் எழுதிய சீட்டோடு காப்பகத்தில் சேர்க்கலாம். முதல் ஆண்டில் குடும்பம் வரை பிரித்தால் போதும். சிற்றினம் வரை போக, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒருவரைப் பயிற்றுவித்து அவரை அந்த வேலையிலேயே இருக்கவிட வேண்டும்.